டெல்டாவுக்கு ஒரு தாவரவியல் பூங்கா பாக்கி

திருக்கடையூர்ல முகூர்த்த நாள்னா பிரகாரத்துல நடக்க இடம் இருக்காது. இங்கே ஒரு ஹோம குண்டம், நாலடி தள்ளி இன்னொண்ணு. அறுபதுக்கு சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம்னு குடும்பம் குடும்பமா வந்து இறங்குறாங்க. அந்த ஹோமத்துல போடுற சமித்தைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஒன்பது கிரகத்துக்கு ஒன்பது செடி. சூரியனுக்கு எருக்கு, சந்திரனுக்குப் பலாசு, செவ்வாய்க்குக் கருங்காலி, புதனுக்கு நாயுருவி, குருவுக்கு அரசு, சுக்கிரனுக்கு அத்தி, சனிக்கு வன்னி, ராகுவுக்கு அருகு, கேதுவுக்குத் தர்ப்பை. எல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கி, காய வைச்சு, கட்டுக் கட்டா கடையில கிடைக்குது. நெய்யில தொட்டுத் தொட்டு நெருப்புல போடுறோம். சரி, இந்த ஒன்பதுல எத்தனையை உயிரோட நிக்கும்போது நம்மால அடையாளம் சொல்ல முடியும்? அரசு தெரியும், எருக்கு தெரியும், அருகு தெரியும். அதுக்கு மேல? கருங்காலி மாலை போட்டுக்கிட்டுத் திரியறவங்க இன்னைக்கு ஏராளம் (ஆன்லைன்ல தள்ளுபடி வேற). கருங்காலி மரத்தைப் பார்த்தவங்களைத் தேடித்தான் பிடிக்கணும்.

விசேஷம் முடிஞ்சதும் வேன் டிரைவர் கேட்பார்: "பக்கத்துல எங்கே போகணும்?" இணையத்துல தேடினா எல்லாப் பட்டியலும் ஒரே மாதிரி இருக்கும். பூம்புகார், தரங்கம்பாடிக் கோட்டை, வைத்தீஸ்வரன் கோயில், நேரம் இருந்தா பிச்சாவரம் படகு. ஒரு பட்டியல்லயும் செடி கொடி பத்தி ஒரு வரி இருக்காது. இந்தியாவுலயே செழிப்பான மண்ணுல ஒண்ணுக்கு வந்துட்டு, அந்த மண்ணுல என்ன முளைக்குதுன்னு தெரிஞ்சுக்க ஒரு இடம் இல்லாம திரும்பிப் போறாங்க. வெளியூர்க்காரங்க ஊட்டிக்குப் போனா தாவரவியல் பூங்காவுக்குப் போகாம வரமாட்டாங்க. பெங்களூர்னா லால்பாக். கண்டின்னா பேராதனை. சிங்கப்பூர்னாலும் அப்படித்தான். காவிரி டெல்டாவுக்கு வர்றவங்களுக்கு மட்டும் அப்படி ஒண்ணு கிடையாது. இருந்தே ஆகணும்ங்கிறதுதான் என் கட்சி. எங்கே இருக்கணும்னும் சொல்றேன்: திருக்கடையூர்ல இருந்து பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கிற தரங்கம்பாடி-பொறையார் பக்கம். ஏன் அங்கேங்கிறதுக்கு 250 வருஷத்துக் காரணம் இருக்கு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். "தஞ்சாவூர்லதான் சிவகங்கைப் பூங்கா இருக்கே, அது போதாதா?"ன்னு கேட்பீங்க. அது நல்ல பூங்கா. பிள்ளைங்க ஓடி விளையாட, பெரியவங்க உட்கார்ந்து காத்து வாங்க ஊருக்கு ஊர் அப்படி ஒண்ணு வேணும். ஆனா தாவரவியல் பூங்கா வேற ஜாதி. அங்கே ஒவ்வொரு செடிக்கும் ஒரு பதிவு இருக்கணும்: என்ன செடி, எந்தக் குடும்பம், எந்த ஊர்ல இருந்து வந்தது, எப்போ நட்டாங்க. பதிவும் பெயர்ப்பலகையும் இல்லாத தாவரவியல் பூங்கா, அட்டையைக் கிழிச்ச புத்தகங்களை அடுக்கி வைச்ச நூலகம் மாதிரி. உள்ளே என்ன இருந்தாலும் வந்தவனுக்குப் பிரயோஜனம் இல்ல. இத்தாலியில பதுவா நகரத்துல 1545ல ஆரம்பிச்ச தோட்டமே மருத்துவம் படிக்கிற பசங்க மூலிகையைத் தப்பா எடுத்துடக் கூடாதுன்னு வைச்சதுதான். அடையாளம் காட்டுறதுதான் அதோட பிறவி வேலை. அழகு கூட வந்த லாபம்.

இந்த அளவுகோலை வைச்சு நம்ம ஊர்ப் பூங்காக்களைப் பாருங்க. ஊட்டியில 1848ல மெக்ஐவர்ங்கிற தோட்டக்காரர் போட்ட பூங்கா, 22 ஹெக்டேர். உள்ளே 2 கோடி வருஷத்துக் கல்மரம் ஒண்ணு கிடக்கு. அதைச் சுத்தி நின்னு செல்ஃபி எடுக்கிறாங்க, பலகையைப் படிக்கிறவங்க பத்துல ஒருத்தர் இருந்தா அதிசயம். மே மாசம் மலர்க் கண்காட்சிக்கு லட்சக்கணக்குல கூட்டம் வரும். கூட்டம் பார்க்கிறது பெரும்பாலும் வெளிநாட்டுப் பூ. நீலகிரிக்கே உரிய சோலை மரம் எதுன்னு கேட்டா முழிப்பாங்க. தப்பு கூட்டத்து மேல இல்ல. காட்டுறவங்க எதை முன்னாடி வைக்கிறாங்களோ அதைத்தான் வர்றவங்க பார்ப்பாங்க. இதுக்கு நேர் எதிர் உதாரணம் ஆரோவில்ல இருக்கு. 2000ல ஆரம்பிச்ச அந்தத் தாவரவியல் பூங்காவுக்கு முக்கிய வேலையே நம்ம கிழக்குக் கடற்கரையோட சொந்தக் காட்டு மரங்களை வளர்க்கிறது. வறண்ட பசுமைமாறாக் காடுன்னு சொல்ற அந்தக் காடு இன்னைக்குத் துண்டு துண்டா, பெரும்பாலும் கோயில் காடுகள்லதான் மிச்சம் இருக்கு. உள்ளூர்ச் செடியை வைச்சும் ஒரு தாவரவியல் பூங்கா நடத்தலாம், வெளியூர் ஆட்களும் வந்து பார்ப்பாங்கன்னு அது காட்டிட்டுத்தான் இருக்கு. அதனால "உள்ளூர்ச் செடியைப் பார்க்க எவன் வருவான்"னு யாரும் சொல்லிட முடியாது.

இப்போ தரங்கம்பாடிக்கு வருவோம். 1620ல தஞ்சை ரகுநாத நாயக்கர் கிட்ட அனுமதி வாங்கி டென்மார்க்காரங்க கோட்டை கட்டினது, 1706ல சீகன்பால்கு வந்து இறங்கினது, அச்சுக்கூடம் வைச்சது, இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்துலயே வந்துடும். பாடத்துல வராத சங்கதி, இந்தியத் தாவரவியலோட ஆரம்ப அத்தியாயம் ஒண்ணு இந்தச் சின்னத் துறைமுகத்துல எழுதப்பட்டதுங்கிறது. 1760ல மொரேவியச் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் சிலர் வந்து ஊருக்கு ஒட்டினாப்ல நிலம் வாங்கித் தோட்டம் போட்டு, 1803 வரைக்கும் இருந்தாங்க. 'சகோதரர் தோட்டம்'னு அதுக்குப் பேர். 1768ல யோஹான் கெர்ஹார்ட் கோனிக்னு ஒரு மருத்துவர் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தார். ஸ்வீடன்ல லின்னேயஸ் கிட்ட நேரடியாப் படிச்சவர். உலகத்துச் செடிக்கெல்லாம் ரெண்டு சொல்லுல பேர் வைக்கிற முறையை ஏற்படுத்தினாரே, அந்த லின்னேயஸ்தான். குருநாதரோட முறையில இந்தியச் செடிகளை வகைப்படுத்துற வேலையை இந்த நாட்டுல தொடங்கி வைச்சவர் கோனிக். காவிரிக் கரையிலயும் கடற்கரை மணல்லயும் சுத்திச் சேகரிச்சு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். மிஷன் கொடுத்த சம்பளம் கட்டுப்படியாகாம ஆற்காட்டு நவாப் கிட்ட வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் 1778ல கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இயற்கை ஆய்வாளராப் போய், 1785ல காக்கிநாடா பக்கத்துல இறந்துபோனார். (ஆராய்ச்சிக்காரனுக்குச் சம்பளம் பத்தாததுங்கிறது புதுக் கதை இல்லைன்னு தெரியுதா?)

இவரை யாருக்குத் தெரியும்னு கேக்காதீங்க. உங்க வீட்டு ரசத்துல மிதக்கிறார். கறிவேப்பிலையோட தாவரவியல் பேர் முர்ரயா கோனிகி. அந்தக் கோனிகி இவர்தான். ஒரு கொத்தை எடுத்துப் பாருங்க. நடுவுல ஒரு ஈர்க்கு, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சின்ன இலை, நுனியில தனியா ஒண்ணு. நாம ஒரு இலைன்னு நினைச்சுத் தட்டு ஓரத்துல ஒதுக்கி வைக்கிறது உண்மையில சிற்றிலை. அந்தக் கொத்து மொத்தமும்தான் தாவரவியல் கணக்குல ஒரே இலை. வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சா பொட்டுப் பொட்டா எண்ணெய்ச் சுரப்பி தெரியும், வாசனை அங்கே இருந்துதான் வருது. எலுமிச்சை, வில்வம் இலையிலயும் இதே பொட்டு இருக்கும். காரணம், மூணும் ஒரே குடும்பம். திருக்கடையூர்த் தல விருட்சம் வில்வமும் நம்ம தாளிப்புக் கரண்டிக் கறிவேப்பிலையும் பங்காளிங்கன்னு தெரிஞ்சா கொஞ்சம் சந்தோஷமா இருக்குல்ல? ஒரு நல்ல பூங்கா செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரெண்டு செடியையும் பக்கத்துல பக்கத்துல நட்டு, கீழே நாலு வரி எழுதி வைக்கிறது.

கோனிக்கோட கதை அவரோட முடியல. தரங்கம்பாடி மிஷன்ல இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் தோட்டம் வைச்சார், மீன், சிப்பி, பாம்புன்னு ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தார். இருதலை மணியன்னு சொல்லிக் கடத்துறாங்களே அந்த மண்ணுளிப் பாம்பு, அதோட அறிவியல் பேர்ல இருக்கிறது இவர் பேர்தான். 1776ல வந்த ராட்லர் அறுபது வருஷம் இந்த மண்ணுல இருந்து செடி சேகரிச்சார். தமிழ்-ஆங்கில அகராதி போட்டாரே, அதே ராட்லர். அவர் உலர்த்தி ஒட்டி வைச்ச செடிகள் கடைசியில லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. மொரேவியச் சபை ஆளா தரங்கம்பாடிக்கு வந்த பெஞ்சமின் ஹெய்ன், பிறகு கம்பெனி தாவரவியலாளர் ஆகி, திப்பு வீழ்ந்த பிறகு பெங்களூர் லால்பாக்கைக் கவனிச்சுக்கிட்டார். கோனிக் கிட்டப் பழகின ராக்ஸ்பரோ 1793ல கல்கத்தா தாவரவியல் பூங்காவோட பொறுப்புக்குப் போனார், இந்தியத் தாவரவியலின் தந்தைன்னு அவரைச் சொல்றாங்க. அவர் எழுதி வைச்ச பெரிய நூலை அவர் இறந்த பிறகு அச்சுல கொண்டுவந்த வில்லியம் கேரி இருந்தது செராம்பூர். அதுவும் டென்மார்க்காரங்க ஊர். 1845ல தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்தே ஆங்கிலேயர் கிட்ட வித்துட்டுப் போனாங்க. ஆக, கல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் ஆளும் அறிவும் கொடுத்த வட்டம் இங்கே இருந்தது. அந்த ரெண்டு ஊர்லயும் பூங்கா இருக்கு. இங்கே இல்ல. பாக்கின்னு தலைப்புல போட்டது இதைத்தான்.

"வெள்ளைக்காரன் ஆரம்பிச்சதை நாம ஏன் கொண்டாடணும்?" நியாயமான கேள்வி. அந்தக் காலத்துத் தாவரவியல் பூங்கா சாதுவான இடமே இல்ல. எந்தச் செடியை எங்கே நட்டா எவ்வளவு காசுன்னு கணக்குப் போட்ட இடம் அது. 1877ல கியூவுல இருந்து 22 ரப்பர்க் கன்று சிங்கப்பூர்த் தோட்டத்துக்கு வந்துச்சு. 1888ல அங்கே பொறுப்புக்கு வந்த ரிட்லி, மரம் சாகாம பால் எடுக்கிற முறையைக் கண்டுபிடிச்சு, மலாயா முழுக்க ரப்பர் போடுங்கன்னு தோட்ட முதலாளிகளை நச்சரிச்சார். காட்டை அழிச்சு ரப்பர் வைச்சாங்க. வேலைக்கு ஆள்? தஞ்சாவூர் ஜில்லாவுல இருந்தும் திருச்சி ஜில்லாவுல இருந்தும்தான். நாகப்பட்டினத்துல கப்பல் ஏறிப் பினாங்குல இறங்கினாங்க. ஒரு தோட்டத்துல நட்ட கன்று டெல்டாவுல எத்தனை குடும்பத்தோட தலையெழுத்தை மாத்துச்சுன்னு யோசிங்க. சிங்கப்பூர்த் தோட்டம் 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினதுக்கு இந்த ரப்பர்க் கதையும் ஒரு காரணம். அங்கே சுற்றுலா போற நம்ம ஆட்கள் ஆர்க்கிட் பூ முன்னாடி போட்டோ எடுத்துட்டு வந்துடுறாங்க, கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறின காரணம் அதே வேலிக்குள்ளதான் முளைச்சதுன்னு தெரியாம. அதனால கொண்டாட வேணாம். ஆனா நம்ம கதை அதுல இருக்கு. அந்தக் கதையை நாமே சொல்றதுக்கு நம்ம ஊர்ல ஒரு இடம் வேணும்.

இதே கேள்வியோட இன்னொரு முகம்: தாவரவியல் பூங்காக்கள் கேடும் பண்ணியிருக்கு. உண்ணிச்செடி 1809ல கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காக வந்தது. இன்னைக்கு முதுமலையில இருந்து இமயமலை அடிவாரம் வரைக்கும் காட்டைத் தின்னுக்கிட்டு இருக்கு. டெல்டா வாய்க்கால்ல அடைச்சுக்கிட்டு நிக்கிற ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவுல இருந்து அழகுக்குக் கொண்டு வந்ததுதான். ஆமாம், உண்மை. ஆனா இது நான் கேட்கிற பூங்காவுக்கு எதிரான வாதம் இல்ல, ஆதரவான வாதம். கண்டதைக் கொண்டுவந்து நடுற பூங்காவாலதான் கேடு வந்தது. உள்ளூர்ச் செடியை மட்டும் வைச்சு, வந்தேறிச் செடிகளை ஒரு ஓரத்துல 'இவங்க இப்படி வந்தாங்க, இப்படிப் பரவினாங்க'ன்னு பலகை போட்டுக் காட்டுற பூங்காவால கேடு எதுவும் வராது. சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லி நீதிமன்றம் வரைக்கும் போற ஊர் நாம. அது எங்கே இருந்து வந்துச்சுன்னு பிள்ளைங்களுக்குக் காட்ட ஒரு இடம் வைக்கலாம்ல?

"கோயில்ல தல விருட்சம் இருக்கே, அதுவே நம்ம தாவரவியல் பூங்கா"ன்னு அடுத்து சொல்வாங்க. இந்த வாதத்து மேல எனக்கு மரியாதை உண்டு. திருவிடைமருதூர்ல மருதம், வைத்தீஸ்வரன் கோயில்ல வேம்பு, திருக்கருகாவூர்ல முல்லை, திருநள்ளாறுல தர்ப்பை, திருவானைக்காவுல வெண்ணாவல். திருக்கடையூர்ல வில்வமும், பிஞ்சிலம்னு சொல்ற சாதிமல்லிக் கொடியும். கோயிலுக்கு ஒண்ணுன்னு காவிரிக்கரை முழுக்கப் பரப்பி வைச்ச ஒரு சேகரிப்பு இது. யார் திட்டம் போட்டாங்களோ, அருமையான திட்டம். ஆனா சிதம்பரத்தைப் பாருங்க. தில்லை மரக்காடு இருந்ததாலதான் ஊருக்கே தில்லைன்னு பேர். அந்தத் தில்லையைப் பார்க்கணும்னா இன்னைக்குப் பிச்சாவரத்து உப்பங்கழிக்குப் படகுல போகணும். (பார்த்தாலும் கிளையை ஒடிக்காதீங்க, அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து.) பேரைக் காப்பாத்திட்டோம், மரத்தை விட்டுட்டோம். ஒரு கோயில்ல ஒரே ஒரு மரம்னா புயல்ல அது சாய்ஞ்சா கதை முடிஞ்சுது. அதே மரத்தோட கன்று இன்னொரு இடத்துல பதிவோட வளர்ந்துக்கிட்டு இருந்தா, கோயிலுக்கே திரும்பக் கொடுக்கலாம். தாவரவியல் பூங்கா கோயிலுக்குப் போட்டி இல்ல, கோயில் மரத்துக்குக் காப்பு. அதோட, தல விருட்சத்தைச் சுத்திக் கம்பி வேலி போட்டு மஞ்சக் கயிறு கட்டியிருப்பாங்க. கும்பிட்டுட்டு வரலாம், இலையைப் புரட்டிப் பார்த்துப் படிக்கிறதுக்கு அது இடம் இல்ல.

அடுத்து நிலம். இதுதான் கனமான ஆட்சேபம். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு 2020ல சட்டமே போட்டாச்சு, நெல் விளையுற மண்ணை எடுத்துப் பூச்செடி வைக்கவான்னு கேட்டா கோபம் நியாயம்தான். ஆனா நான் கேட்கிறது வயலை இல்ல. தரங்கம்பாடிக் கடலோரத்துல உப்பேறின, மணல் பாய்ஞ்ச நிலம் கிடக்கு. 2004 சுனாமியில கடல்தண்ணி ஏறின கரை அது. அப்படிப்பட்ட இடம் பத்து ஏக்கர் போதும். நெல்லையும் நான் வெளியே தள்ளல, முதல் பாத்தியே நெல்லுக்குத்தான். ஆடுதுறையில 1922லயே நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தாச்சு, ஏ.டி.டி.ன்னு ஆரம்பிக்கிற ரகமெல்லாம் அங்கே பிறந்தது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் 2018ல இறக்கிற வரைக்கும் நெல் திருவிழா நடத்தி நூத்தி எழுபதுக்கு மேல பாரம்பரிய ரகத்தைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். வெள்ளத்துல நின்னு உயர்ற காட்டுயானம், உப்பைத் தாங்குற குழியடிச்சான், பூங்கார், தூயமல்லி, கருப்புக்கவுனி, மாப்பிள்ளைச் சம்பா. இதெல்லாம் கடையில பாக்கெட்டுல விலை கூட்டி விக்குது. பயிரா நிக்கிறதை ஒரு சுற்றுலாப் பயணி எங்கே போய்ப் பார்க்கிறது? ஆராய்ச்சி நிலையத்துக்குள்ள நினைச்ச நேரத்துக்குப் போக முடியாது, விவசாயி வயல்ல இறங்கினா திட்டு விழும். பத்துப் பத்து அடிப் பாத்தியா ஐம்பது ரகத்தை வரிசையா நட்டு, பேரும் நாள் கணக்கும் எழுதி வைச்சா, உலகத்துல எந்தத் தாவரவியல் பூங்காவுக்கும் குறைஞ்சதில்ல.

நெல்லைத் தாண்டியும் சரக்கு இருக்கு. தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு, பெரிய கோயில் பொம்மையைக் கண்ணாடிப் பெட்டியோட வாங்கிட்டுப் போறாங்க. நெட்டிங்கிறது குளம் குட்டையில வளர்ற ஒரு தண்ணிச் செடி, அதோட வெள்ளைத் தண்டைச் சீவிப் பண்றதுன்னு வாங்குறவங்களுக்குச் சொல்றது யாரு? நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரம், அதுல பொருத்துற சீவாளி காவிரிக்கரை நாணல், தஞ்சாவூர் வீணை பலா மரம். ஒரு கச்சேரிக்குள்ளயே மூணு செடி இருக்கு. கும்பகோணம் வெத்தலைக்கும் இப்போ குறியீடு வந்தாச்சு. ஒரு குளம் வெட்டி நெட்டியும் அல்லியும் தாமரையும் விடுங்க, கரையில நாணல், மேட்டுல ஆச்சாவும் பலாவும், பந்தல்ல வெத்தலைக் கொடி. பக்கத்துலயே அந்த ஒன்பது சமித்துச் செடியும் வரிசையா நிக்கட்டும். காலையில ஹோமத்துல போட்ட குச்சியைச் சாயங்காலம் மரமாப் பார்த்துட்டுப் போவாங்க. திருக்கடையூருக்கு வர்ற கூட்டத்துக்கு இதை விடப் பொருத்தமான சுற்றுலா இடத்தை யாராவது சொல்லுங்க பார்ப்போம்.

"புயலும் உப்புக்காத்தும் அடிக்கிற ஊர்ல பூங்கா தாங்குமா?" இங்கிலாந்து ரோஜா வைச்சா தாங்காது. புன்னையும் பனையும் தாழையும் பூவரசும் வைச்சா ஏன் தாங்காது? 2018 கஜா புயல்ல தென்னந்தோப்பு தோப்பாச் சாய்ஞ்ச இடத்துல பனை நின்னதை டெல்டாவே பேசிச்சு. எந்த மரம் நிக்கும், எது விழும்னு பார்த்துக் குறிச்சு வைக்கிறதும் ஒரு தாவரவியல் பூங்காவோட வேலைதான். அந்தக் குறிப்பு தோப்பு வைக்கிற விவசாயிக்கு நேரடியாப் பயன்படும்.

"போன்ல படம் எடுத்தா ஆப்பே பேர் சொல்லிடுதே"ங்கிறது புது ஆட்சேபம். சொல்லும். அரசமரத்தை அரசமரம்னு சொல்லும். காட்டுயானத்தையும் தூயமல்லியையும் காட்டிப் பாருங்க, ரெண்டுக்கும் நெல்லுன்னு சொல்லிட்டு நின்னுடும். காய்ஞ்ச சமித்துக் குச்சியைக் காட்டினா குச்சின்னுதான் சொல்லும். பேர் தெரிஞ்சா போதும்ங்கிறவங்களுக்கு ஆப் போதும். இது எப்படி இந்த ஊருக்கு வந்துச்சு, யார் எதுக்குப் பயன்படுத்துறாங்க, எது இதோட பங்காளிங்கிறதை அந்த மண்ணுல நின்னு ஒருத்தர் சொல்லணும்.

சொல்ல ஆள் இருக்கா? இருக்கு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி ரபினட் ஹெர்பேரியத்துல இருந்துதான் கே.எம். மேத்யூ இந்தச் சமவெளி முழுக்க அலைஞ்சு தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியோட தாவரங்களைப் பெரிய தொகுதிகளா 1980களோட தொடக்கத்துல கொண்டுவந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல இன்னொரு பெரிய சேகரிப்பு இருக்கு. சரபோஜி மன்னர் காலத்துல தன்வந்திரி மகால்ல மூலிகைகளை வண்ணப்படமா வரைஞ்சு வைச்ச ஊர் தஞ்சாவூர். மயிலாடுதுறைக் கல்லூரிகள்ல தாவரவியல் படிக்கிற பிள்ளைங்களுக்கு வழிகாட்டி வேலை கொடுத்தா, அவங்களுக்கும் நாலு காசு, வர்றவங்களுக்கும் நாலு விஷயம். அறிவுக்குப் பஞ்சம் இல்ல. எல்லாத்தையும் ஒரே இடத்துல நட்டு, தண்ணி விட்டு, பலகை எழுதி வைக்கத்தான் ஒருத்தரும் முன்வரல.

ஒரே ஒரு பயம் எனக்கும் இருக்கு. பூங்கா வந்தா திறப்புவிழா அன்னைக்கு வர்றது என்னவா இருக்கும்? சிமென்ட் மான், இசை நீரூற்று, 'ஐ லவ்' எழுத்து, ஓடாத குட்டி ரயில். ரெண்டாம் வருஷம் பலகை துருப்பிடிக்கும், மூணாம் வருஷம் சீமைக்கருவேலம் உள்ளேயே முளைக்கும். இந்தப் பயத்துக்காகப் பூங்காவே வேணாம்னு சொல்றது சரியில்ல. செலவுக் கணக்குல முதல் காசு எதுக்குன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கணும். பதிவேடு, பெயர்ப்பலகை, நாற்றங்கால், தோட்டக்காரர் சம்பளம். இந்த நாலும் முடிஞ்ச பிறகு மிச்சம் இருந்தா நீரூற்று வைச்சுக்கலாம்.

அது வர்ற வரைக்கும் திருக்கடையூர் வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹோமம் முடிஞ்சதும் ஐயர் கிட்ட அந்த ஒன்பது சமித்தோட பேரையும் ஒரு தடவை கேளுங்க. பிஞ்சிலக் கொடி எங்கே இருக்குன்னு கேட்டுப் பாருங்க. தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்கப் போனா, அங்கே இருக்கிற வழிகாட்டி கிட்ட கோனிக் பேரைச் சொல்லுங்க. பத்துப் பேர் கேட்டா பதினோராவது ஆளுக்கு அவரே சொல்ல ஆரம்பிப்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில வடக்கே போறவங்க, 1826ல பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்ச புதுச்சேரி தாவரவியல் பூங்காவுல ஒரு மணி நேரம் நில்லுங்க. பூவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பலகையைப் படிங்க, பலகை இல்லாத மரத்துக்கு ஏன் இல்லைன்னு அலுவலகத்துல கேளுங்க. மயிலாடுதுறைக்காரங்களா இருந்தா திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துல ஒரு மனு கொடுங்க: பொறையார் பக்கம் பத்து ஏக்கர், நெல்லுக்கு ஒரு பாத்தி, சமித்துக்கு ஒரு வரிசை, எல்லாத்துக்கும் தமிழ்ல பெயர்ப்பலகை. மனுவுல கையெழுத்துப் போட ஆள் வேணும்னா திருக்கடையூர்ல தினமும் கல்யாணக் கூட்டமே இருக்கு.